எடுத்தலும் முகத்தலும்: அடர்த்திக் கணக்குகளை விளங்கிக்கொள்வோம்



முதலில் ஒரு கணக்கு.

“கடைக்காரர் ஒருவர் 13.8 கிலோகிராம் தேங்காயெண்ணெய் வாங்கினார். அதனை 750 மில்லிலீற்றர் கொள்ளும் போத்தல்களில் நிரப்பி விற்க விரும்பினார். தேங்காயெண்ணெயின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 0.92 கிராம் எனின், அவருக்கு எத்தனை போத்தல்கள் வேண்டும்?”

இதற்குப் பல பிள்ளைகள் எழுதும் விடை 18.4 போத்தல். 13.8 கிலோவை 13.8 லீற்றர் என்று எடுத்து 0.75 ஆல் வகுத்துவிடுகிறார்கள். 0.92 என்ற எண் வினாவிலே ஏன் நிற்கிறது என்று கேட்பதில்லை. வேறு சிலர் அந்த எண்ணைக் கண்டுவிட்டு, ‘இதையும் எங்கேயாவது போடத்தானே வேண்டும்’ என்று 13.8ஐ அதனாற் பெருக்கிவிடுகிறார்கள். சரியான விடை 20 போத்தல். 18.4 என்ற விடையை நம்பி 19 போத்தல் வாங்கி வைத்த கடைக்காரரின் கையில் முக்கால் லீற்றர் எண்ணெய் போத்தலின்றி மிஞ்சிவிடும்.

பிழைவிட்ட பிள்ளைக்குப் பெருக்கல் தெரியும், வகுத்தலும் தெரியும். வினாவிலுள்ள மூன்று எண்களும் எவற்றின் அளவுகள் என்பதுதான் தெரியவில்லை. இந்த இடத்திலேதான், ‘எனக்குக் கணக்கு ஓடாது’ என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் குடிபுகுகிறது. பக்கத்தில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ, ‘எனக்கும் அந்த நாளையில் கணக்கு வராது மோனை’ என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. பெற்றோரே, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அடுக்களையிலும் சந்தையிலும் நீங்கள் நாளாந்தம் செய்துவரும் காரியந்தான் இந்தப் பாடம்.

நம் முன்னோர் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்காக வகுத்தார்கள். தேங்காயை எண்ணினார்கள், பொன்னைத் தராசில் எடுத்தார்கள், நெல்லையும் எண்ணெயையும் முகந்தார்கள், துணியை முழம் போட்டு நீட்டினார்கள். எடுத்தலால் நாம் அறிவது திணிவு. ஒரு பொருளில் எவ்வளவு பண்டம் இருக்கிறது என்பதை அது சொல்லும். கிராமிலும் கிலோகிராமிலும் எழுதப்படும். முகத்தலால் அறிவது கனவளவு. அப்பொருள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதை அது சொல்லும். கன சென்ரிமீற்றரிலும் லீற்றரிலும் எழுதப்படும். ஒரு மில்லிலீற்றரும் ஒரு கன சென்ரிமீற்றரும் ஒன்றே.

(கடையிலே நாம் ‘நிறை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் திணிவைத்தான். விஞ்ஞானப் பாடத்தில் நிறை என்பது பூமி அப்பொருளை இழுக்கும் விசை. அதனை நியூற்றனில் எழுதுவர். 1969இல் சந்திரனில் இறங்கியவர்களின் நிறை அங்கே ஆறிலொன்றாகக் குறைந்தது, திணிவு குறையவில்லை. கணித வினாவில் கிலோகிராம் என்று வந்தால் அது திணிவு என்று கொண்டு மேலே செல்க.)

எடுத்தல் வேறு, முகத்தல் வேறு என்பதைப் பிள்ளை மறந்துபோவதற்குத் தண்ணீரே காரணம். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோகிராம் இருக்கும். இது தற்செயலாக அமைந்ததன்று. பிரான்சில் 1795ஆம் ஆண்டு மெற்றிக் முறையை வகுத்தபோது, ஒரு கன சென்ரிமீற்றர் தூய நீரின் திணிவே ஒரு கிராம் என்று தீர்மானித்தார்கள். ஆகவே நீரின் அடர்த்தி ஒன்று என்று வந்தது நாமாக வைத்த ஏற்பாடு. (கிலோகிராமுக்கு 2019 முதல் வேறு வரைவிலக்கணம் வந்துவிட்டது, ஆயினும் நம்முடைய கணக்குகளுக்கு நீர் இன்னும் ஒன்றேதான்.) அந்த ஏற்பாடு தண்ணீருக்கு மட்டுமே உரியது. எண்ணெய்க்கும் தேனுக்கும் இரும்புக்கும் அதனைப் பொருத்துவதுதான் 18.4 போத்தல் என்ற பிழையின் வேர்.

சரி, அடர்த்தி என்றால் என்ன? ஒரு கன சென்ரிமீற்றரின் பங்குக்கு எத்தனை கிராம் வருகிறது என்பதே அடர்த்தி. இதைத் தேங்காய் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேங்காய் ஒன்று 120 ரூபா என்றால் 5 தேங்காய்க்கு 600 ரூபா என்று நான்காம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். 600 ரூபாவுக்கு எத்தனை தேங்காய் என்று கேட்டாலும் தயங்காது. அந்தக் கணக்கில் தேங்காய்களின் தொகை நிற்கும் இடத்தில் கனவளவை வையுங்கள். மொத்தப் பணத்தின் இடத்தில் திணிவை வையுங்கள். ஒன்றின் விலை நின்ற இடத்தில் அடர்த்தி வந்து அமரும்.

திணிவு = கனவளவு × அடர்த்தி

பாடசாலைகளில் முக்கோணம் ஒன்று வரைந்து, வேண்டியதை விரலால் மறைத்து, மிஞ்சியதைப் பார்த்துச் செய்யும்படி சொல்லிக்கொடுப்பதுண்டு. பரீட்சை மண்டபத்தில் அது உதவாமலில்லை. ஆனால் முக்கோணத்தில் எந்த எழுத்து உச்சியில் இருந்தது என்று மறந்துவிட்டால் எல்லாமே போயிற்று. தேங்காய்க் கணக்கை ஒருவரும் மறப்பதில்லை.

இனிக் கடைக்காரரிடம் திரும்புவோம். அவரிடம் மொத்தம் 13,800 கிராம் இருக்கிறது. ஒவ்வொரு கன சென்ரிமீற்றரும் 0.92 கிராம் எடுத்துக்கொள்ளும். ஆகவே கனவளவு 13,800 ÷ 0.92 = 15,000 கன சென்ரிமீற்றர், அதாவது 15 லீற்றர். இதனை 750 ஆல் வகுத்தால் 20 போத்தல். விடை வந்தபின் ஒருமுறை நிதானிக்க வேண்டும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் பொருள். ஆகவே ஒரு கிலோ எண்ணெய் ஒரு கிலோ தண்ணீரைவிடக் கூடிய இடத்தைப் பிடிக்கத்தான் வேண்டும். 13.8 கிலோ எண்ணெய் 13.8 லீற்றரிலும் கூடவே வரவேண்டும். 15 லீற்றர் வந்திருக்கிறது, பொருத்தமே. 0.92 ஆல் பெருக்கிய பிள்ளைக்கு 12.7 லீற்றரளவு வந்திருக்கும். மிதக்கும் எண்ணெய் என்பதை நினைத்திருந்தால் அந்த விடையைத் தானே வெட்டியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய 14 அவுன்சு ரின்பாற் பேணியை எடுங்கள். அதன் மேல் 397 கிராம் என்று அச்சிட்டிருக்கும். ரின்பாலின் அடர்த்தி ஏறத்தாழ 1.3. ஆகவே பேணியினுள்ளே பிடித்த இடம் 397 ÷ 1.3, ஏறக்குறைய 305 கன சென்ரிமீற்றர்தான். வெறும் பேணியைக் கழுவித் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்தால், பேணியின் திணிவைக் கழித்தபின் 300 கிராமளவே நிற்கும். ‘400 கிராம் பேணி’ என்று எண்ணிக்கொண்டு பலகாரத்துக்கு அதனால் அளந்து போடுபவர்கள் ஏமாந்துபோவது இதனாலேதான்.

அந்தப் பேணியால் மாவை அளப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. வறுத்து அரித்த மாவை மெல்ல அள்ளிப்போட்டு அளந்தால் ஓர் அளவு. பேணியை நிலத்தில் தட்டித் தட்டி, விரலால் அமுக்கி அளந்தால் வேறோர் அளவு. கனவளவு இரண்டிலும் ஒன்று. ஆனால் அமுக்கிய பேணியில் மாவின் திணிவு கூட. அள்ளிப்போட்ட மாவின் இடையிடையே காற்று இருந்தது. தட்டியபோது அது வெளியேறிற்று. லூக்காஸ் நற்செய்தி 6ஆம் அதிகாரம் 38ஆம் வசனத்தில், கொடுப்போருக்குக் கிடைக்கும் அளவைப் பற்றி எமது ஆண்டவர் கூறும்போது, தானியம் அளக்கும் சந்தைக் காட்சி ஒன்றையே மக்களின் கண்முன் நிறுத்துகிறார். அமுக்குவதும் குலுக்குவதும் சரிந்து விழ நிரப்புவதும் அங்கே சும்மா சொல்லப்பட்ட சொற்களல்ல. முகத்தலால் விற்கும் வியாபாரி மரக்காலைக் குலுக்காமல் விட்டாலே வாங்குபவருக்கு நட்டம் என்பது அந்தச் சனங்களுக்கு நன்கு தெரிந்த விடயம். இதே காரணத்தால் அரிசி, மணல், மா போன்றவற்றின் அடர்த்தியை வினாவில் தரும்போது அது இடையிலுள்ள காற்றையும் சேர்த்த அடர்த்தி என்று கொள்ள வேண்டும்.

அடுத்து அலகுகள். கூடிய புள்ளிகள் பறிபோவது இங்கேதான். ஒரு மீற்றர் 100 சென்ரிமீற்றர் என்பதால் ஒரு கன மீற்றரும் 100 கன சென்ரிமீற்றர் என்று எழுதிவிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நூறு நூறு இருப்பதால் அது 100 × 100 × 100, அதாவது பத்து லட்சம் கன சென்ரிமீற்றர். லீற்றரிற் சொன்னால் ஆயிரம். ஆயிரம் லீற்றர் தண்ணீரின் திணிவு ஆயிரம் கிலோகிராம், ஒரு தொன்.

இந்தப் பிழை பரீட்சைத்தாளோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு தூண் எழுப்பி அதன்மேல் ஆயிரம் லீற்றர் தாங்கியை ஏற்றுகிறோம். வெறும் தாங்கியை இரண்டு பேர் தூக்கி வைத்துவிடுவார்கள். தண்ணீர் நிரம்பியபின் அந்தத் தூண்களின் மேல் ஒரு தொன் நிற்கிறது என்பதை நினைத்துக் கட்டியவர்கள் எத்தனை பேர்? வெறும் தாங்கியின் பாரத்தைப் பார்த்துப் போட்ட தூண், அடியில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

மணலும் அப்படியே. நம் நாட்டில் மணலும் கருங்கல்லும் ‘கியூப்’ கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கியூப் என்பது 100 கன அடி, மெற்றிக்கில் 2.83 கன மீற்றர். உலர்ந்த மணலின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1,600 கிலோகிராம். ஆகவே ஒரு கியூப் மணல் 2.83 × 1,600, அதாவது ஏறக்குறைய நாலரைத் தொன்! ஈரமணல் இன்னும் கூட இருக்கும். ‘ஒரு கியூப்தானே’ என்று சிறிய வாகனத்தில் ஏற்றச் சொல்பவர் இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்கவில்லை.

ஒரு க.செ.மீ.க்கு இத்தனை கிராம் என்றிருப்பதை ஒரு கன மீற்றருக்கு இத்தனை கிலோகிராம் என்று மாற்ற 1,000 ஆல் பெருக்குக. நீர் 1, அதுவே 1,000. இரும்பு 7.8, அதுவே 7,800. வினாவில் இரண்டு அலகுகளும் கலந்து வந்தால், முதல் வரியிலேயே எல்லாவற்றையும் ஓர் அலகுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நடுவழியில் மாற்றலாம் என்று விட்டவர்கள் பெரும்பாலும் மாற்றவே மறந்துவிடுகிறார்கள்.

சில வினாக்கள் கனவளவைத் தராமல் உருவத்தை மட்டும் தரும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஏற்றும் பாஸ்காத் திரி ஒன்று 7 சென்ரிமீற்றர் விட்டமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் உடையது, மெழுகின் அடர்த்தி 0.9, திரியின் திணிவு என்ன என்று கேட்டால், முதலில் உருளையின் கனவளவைக் காண வேண்டும். ஆரை 3.5. ஆகவே 22/7 × 3.5 × 3.5 × 40 = 1,540 க.செ.மீ. அதனை 0.9 ஆல் பெருக்க 1,386 கிராம். விட்டத்தை ஆரையாக எடுத்த பிள்ளைக்கு இதன் நாலுமடங்கு, ஐந்தரைக் கிலோ வந்திருக்கும். அப்படிப்பட்ட திரியைப் பூசை உதவிக்காரப் பிள்ளை தூக்கிப் பிடிப்பது எப்படி என்று ஒரு கணம் யோசித்தாலே பிழை பிடிபட்டுவிடும்.

ஒழுங்கான உருவம் இல்லாத கல் போன்றவற்றுக்குத் தண்ணீரே அளவுகோல். அளக்கும் சாடியில் 60 மில்லிலீற்றர் நீர் நிற்கிறது. 65 கிராம் கல்லொன்றை நூலிற் கட்டி முழுவதும் அமிழ்த்த, நீர் 85க்கு ஏறுகிறது. கல்லின் கனவளவு 25; அடர்த்தி 65 ÷ 25 = 2.6. ‘முழுவதும் அமிழ்த்த’ என்ற சொல்லைக் கவனிக்க. மிதக்கும் பொருள் தன் திணிவுக்குச் சமமான திணிவுள்ள நீரை மட்டுமே விலக்கும். அதன் முழுக் கனவளவும் அப்போது தெரியாது.

இனி, இந்தப் பாடத்தின் உயிரான இடத்துக்கு வருவோம். இரண்டு பொருள்களைச் சேர்க்கும்போது திணிவுகளைக் கூட்டலாம், கனவளவுகளைக் கூட்டலாம், அடர்த்திகளை ஒருபோதும் கூட்டலாகாது. கூட்டி இரண்டால் வகுப்பதும் பெரும்பாலும் பிழையே. மறுபடியும் தேங்காயைப் பார்ப்போம். 120 ரூபாப்படி 5 தேங்காயும் 180 ரூபாப்படி ஒரு தேங்காயும் வாங்கினால், சராசரி விலை 150 ரூபாவா? இல்லை. மொத்தம் 780 ரூபா, ஆறு தேங்காய், ஒன்று 130 ரூபா.

அடர்த்தி 1.2 உள்ள ஒரு திரவத்தையும் 0.8 உள்ள வேறொன்றையும் சம கனவளவில் கலந்தால் கலவையின் அடர்த்தி 1.0, சராசரியே விடையாகிறது. ஆனால் சம திணிவில் கலந்தால்? ஒவ்வொன்றிலும் 240 கிராம் எடுப்போம். முதலாவது 200 க.செ.மீ., இரண்டாவது 300 க.செ.மீ. மொத்தம் 480 கிராம், 500 க.செ.மீ.; அடர்த்தி 0.96. இலேசான திரவம் கூடிய இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கலவை அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘சம கனவளவு’ என்றா ‘சம திணிவு’ என்றா வினாவில் எழுதியிருக்கிறது என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள். அந்த ஒரு சொல்லில் முழுக் கணக்கும் தங்கியிருக்கிறது. (உண்மையில் சில திரவங்கள் கலக்கும்போது கனவளவு சற்றுச் சுருங்குவதுண்டு. 50 மில்லிலீற்றர் மதுசாரமும் 50 மில்லிலீற்றர் நீரும் சேர்ந்து நூறு வருவதில்லை, அதிலும் குறையும். பரீட்சை வினா அதனைக் கேட்பதில்லை.)

பாலில் தண்ணீர் கலப்பதைக் கண்டுபிடிக்கும் பால்மானியின் இரகசியமும் இதுவே. நல்ல பசுப்பாலின் அடர்த்தி ஏறத்தாழ 1.03. நாலு லீற்றர் பாலில் ஒரு லீற்றர் தண்ணீரைச் சேர்த்தால் திணிவு 4,120 + 1,000 = 5,120 கிராம்; கனவளவு 5,000; அடர்த்தி 1.024. வேறுபாடு அற்பம்போற் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத அந்த அற்பத்தையும் பால்மானி மிதக்கும் உயரம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வழி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. சிசிலித் தீவின் சிராக்கூசு நகரில் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஆக்கிமிடீசு. மன்னன் கையரோ செய்வித்த பொன்முடியில் தட்டான் வெள்ளி கலந்துவிட்டானோ என்ற ஐயம் எழுந்தது. கொடுத்த பொன்னின் திணிவும் முடியின் திணிவும் சமமாகவே இருந்தன. எடுத்தலால் கள்ளம் பிடிபடவில்லை. முகத்தலாற் பிடிபட்டது என்பது விட்ரூவியசு என்ற உரோமர் எழுதிவைத்த கதை. முடியின் உண்மையான அளவுகள் நமக்கு வந்து சேரவில்லை. ஆகவே எண்களை நாமே வைத்துக்கொள்வோம்.

முடியின் திணிவு 877 கிராம், கனவளவு 50 க.செ.மீ. என்க. பொன்னின் அடர்த்தி 19.3, வெள்ளியின் அடர்த்தி 10.5. வெள்ளி எவ்வளவு? சமன்பாடு போட்டும் செய்யலாம். நான் விரும்பும் வழி வேறு. முழுவதும் பொன்னாக இருந்தால் 50 × 19.3 = 965 கிராம் இருந்திருக்க வேண்டும். 88 கிராம் குறைகிறது. ஒரு க.செ.மீ. பொன்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளியை வைத்தால் 19.3 − 10.5 = 8.8 கிராம் குறையும். அப்படியானால் 88 ÷ 8.8 = 10 இடங்களில் வெள்ளி புகுந்திருக்கிறது. வெள்ளி 10 க.செ.மீ., 105 கிராம். பொன் 40 க.செ.மீ., 772 கிராம். கூட்டிப் பாருங்கள், 877 வருகிறது. ‘எல்லாம் ஒன்றாக இருந்தால்’ என்று தொடங்கும் இந்த வழி பாலுக்கும் பொருந்தும். காசுக் கணக்குக்கும் பொருந்தும்.

மிதத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. திரவத்தைவிட அடர்த்தி குறைந்தது மிதக்கும், கூடியது தாழும். நல்ல முட்டை கிணற்றுத் தண்ணீரில் தாழும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேலே வந்துவிடும். கடல்நீர் 1.025, வேதாகமத்தில் உப்புக்கடல் என்று வாசிக்கும் சாக்கடலின் நீர் ஏறத்தாழ 1.24. அங்கே நீந்தத் தெரியாதவரும் மிதப்பதில் அதிசயமில்லை.

செய்து பார்க்கச் சில கணக்குகள் தருகிறோம். விடையைப் பார்க்குமுன் செய்க.

1. 20 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் 7 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள செங்கல் ஒன்றின் திணிவு 2.52 கிலோகிராம். அதன் அடர்த்தி என்ன?

2. வெறும் போத்தலின் திணிவு 350 கிராம். அதில் தண்ணீர் நிரப்பினால் 1,100 கிராம். தேன் நிரப்பினால் 1,400 கிராம். தேனின் அடர்த்தி என்ன?

3. உருளை வடிவான நீர்த்தாங்கியின் உள்விட்டம் 1.4 மீற்றர், உயரம் 1.5 மீற்றர். அது நிரம்பியிருக்கையில் நீரின் திணிவு என்ன?

4. தண்ணீர் கலந்த பால் 10 லீற்றர் இருக்கிறது. கலவையின் அடர்த்தி 1.024, தூய பாலின் அடர்த்தி 1.03. கலந்த தண்ணீர் எவ்வளவு?

விடைகள்: முதலாவது, க.செ.மீ.க்கு 1.8 கிராம். இரண்டாவது, க.செ.மீ.க்கு 1.4 கிராம், தண்ணீரின் திணிவு 750 கிராம் என்பதால் போத்தலின் கனவளவு 750 க.செ.மீ. என்று முதலிற் காண்க. மூன்றாவது, 2,310 கிலோகிராம். நான்காவது, 2 லீற்றர். பொன்முடிக்குச் செய்த வழியிலேயே செய்க.